ஹெய்டி கட்டிய புருஷன் வேஷம்

செயின்ட் பால் நகரத்தில் பரம்பரை நோய் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு, மலைநாடு விட்டு வந்து குடியேறிய ஹ்மோங் மக்களுக்காக மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தேவைப்பட்டார். தேர்வில் தேறினால் வேலை யெர் லோருக்கு. போன தடவை கோட்டை விட்டிருந்தாள். "பிள்ளை பிழைக்காமல் போகலாம்" என்று டாக்டர் சொன்னதை, "பிள்ளையை நல்லா பாத்துக்கோங்க" என்று மாற்றிச் சொன்னாள். கெட்டதை வாயால் சொன்னால் அது கூப்பிட்டதாக நினைத்து வந்து நிற்கும் என்று கேட்டு வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்? பயிற்சி கொடுக்கும் ஹெய்டியிடம் இந்தச் சமாதானமெல்லாம் எடுபடாது. பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் ஃபெயில்.

தேர்வு ஒரு நாடகம். கூடப் படிக்கும் பா ஸுவா வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணியானாள். புருஷன் வேஷம் இன்னொரு மாணவன் சோங் நெங்குக்கு. பக்கத்தில் உட்காரப் போனவன், பெயர்ப் பட்டையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான்.

"டீச்சர், இவ லோர் குலம். நானும் லோர். தங்கச்சிக்கு நான் புருஷனா?"

எப்போதிலிருந்து பழக்கம் என்று ஹெய்டி கேட்டாள். காலையில்தான் பார்த்தார்களாம். சொந்தமா? இல்லையாம். நடிப்புதானே என்றாள். நடித்தாலும் சித்தப்பாமார் நிஜமாகத்தான் உதைப்பார்கள் என்றான் அவன். பா ஸுவா அதற்குள் தலையணையை உருவி நாற்காலிக்கடியில் தள்ளியிருந்தாள்.

அறையில் லோர் அல்லாத ஒரே ஆள் ஹெய்டி. ஆகவே ஹெய்டி புருஷனானாள், சோங் நெங் டாக்டரானான். பதவி வந்த கையோடு அவனுக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது. காலை ஆட்டிக்கொண்டு, பிள்ளைக்குப் பரிசோதனை செய்யலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"அவர் வீட்டுப் பெரியவங்களைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?" என்றாள் பா ஸுவா. யெர் அப்படியே மொழிபெயர்த்தாள்.

குடும்ப வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று பாடம் எடுத்ததே ஹெய்டிதான். வேறு வழியில்லாமல் டுலூத் ஊரில் இருந்த தன் அம்மா மார்லிஸுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தாள். இது பயிற்சி, இதில் தான்தான் புருஷன், பெண்டாட்டி கர்ப்பம் என்றாள்.

பயிற்சி என்றது மார்லிஸ் காதில் ஏறவில்லை. "நீ சந்தோஷமா இருந்தா எனக்குப் போதும், கண்ணு," என்றாள்.

யெர் அதையும் பெயர்த்தாள். பா ஸுவா மாமியாருக்கு வணக்கம் சொன்னாள். அங்கே பனி எவ்வளவு என்று மாமியார் விசாரித்தாள். சோங் நெங் எழுந்து பலகையில் வம்சப் படம் போட்டு, மார்லிஸைக் கேட்டு ஹெய்டியின் அப்பாவுக்கான கட்டத்தில் கார்ல் என்று எழுதினான். பிறகு பாடத்தில் இருந்த கேள்வியைத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டான்.

"பிள்ளையோட உசுரு விஷயம். எதையாவது மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்கம்மா."



"பிள்ளைன்னு வந்துட்டா சொல்லித்தான் ஆகணும்," என்றாள் மார்லிஸ். "கார்ல் பேரை அழிச்சிடுங்க. ஹெய்டிக்கு அப்பா அவர் இல்ல. அவரோட மீன் பிடிக்கப் போவாரே, ராய். அவர்தான்."

'வீட்டில் எல்லோரும் சௌக்கியம்' என்ற வாக்கியம் யெரின் வாய் வரை வந்துவிட்டது. வேலையை நினைத்து அதை விழுங்கிவிட்டு, சொன்னதைச் சொன்னபடி பெயர்த்தாள்.

"இதை விட்டுடு, யெர்," என்றாள் ஹெய்டி சன்னமாக.

யெர் பா ஸுவா பக்கம் திரும்பி, "இதை விட்டுடு, யெர்," என்று அதே சன்னக் குரலில் பெயர்த்தாள்.

பா ஸுவாவின் கவலையே வேறு. "அந்த ராய் லோர் இல்லையே?"

அதையும் யெர் கேட்டாள். தெரிந்தவரை இல்லை என்றாள் மார்லிஸ். பிறகு குரல் உடைந்து, "அவ கோவமா இருக்காளா?" என்றாள்.

ஹெய்டி போனைப் பார்க்கவில்லை. பெற்ற தாய் தன் மொழியில் கேட்டதற்கு, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பதில் சொன்னாள். "நான் கோவமா இல்ல."

ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க யாரும் யெருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. போன் அருகே குனிந்தாள்.

"நான் கோவமா இல்லம்மா."

மறுமுனையில் மார்லிஸ் விசும்புவது கேட்டது.

"அம்மான்னு நான் சொல்லல," என்றாள் ஹெய்டி.

"இல்ல, டீச்சர்." வேலை போயிற்று என்று யெர் பையைக் கையில் எடுத்தாள்.

ஹெய்டி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். "ஒரு வார்த்தைதானே," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக் காதில் வைத்தாள். "நீ பாஸ், யெர். எல்லாரும் வெளியில போங்க."