துக்கத் தறிக்காரர்

பழைய நாளிதழ்க் கட்டுகளிலிருந்து படங்களை வெட்டி ஆல்பத்தில் ஒட்டுவது ஆரணி நூலகத்தில் லீலாவின் வேலை. அன்று கையில் சிக்கியது எழுபத்திரண்டில் வந்த ‘இப்படியும் ஒரு பிழைப்பு’ தொடர். கிணற்றில் விழுந்த குடத்தை மூச்சடக்கி எடுப்பவர். திருடு போன மாட்டைக் குளம்படி பார்த்தே தேடுபவர். கூத்துக்கு மீசை வாடகைக்கு விடுபவர். அடுத்த படம், தருமன்.

சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் வரை வீட்டார் தறியைத் தொடமாட்டார்கள். பாதியில் நிற்பது கல்யாணச் சேலை என்றால்? தருமன் வருவார். செத்தவர் இடத்தில் உட்கார்ந்து, மீதியை நெய்து, அறுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். உயிரோடிருக்கும் யாரும் அவருக்கு வேலை கொடுப்பதில்லை. அவர் தெருவில் வந்தால், கடந்துபோகும்வரை தறியை நிறுத்திவைப்பார்கள்.

‘அருணகிரியின் தறியில் தருமன்’ என்றிருந்தது. படமெடுத்த தேதி ஏப்ரல் நாலு. ஒன்பதாம் தேதி இதழில் அதே அருணகிரி, ‘நேற்று காலமானார்.’

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

“சார், தேதி தப்பா அச்சாயிருக்குமா?”

நூலகர் தங்கவேலு எட்டிப் பார்த்தார். “சரிதாம்மா. அந்த வாரம் ஊர்ல சாவே இல்ல. போட்டோக்காரன் ஜல்தி பண்ணான். அருணகிரி எழுந்து இடங்குடுத்தாரு, இவரு உட்காந்துட்டாரு. நாலே நாள். கல்லு மாதிரி இருந்த மனுசன்.”

லீலா கடிகாரத்தைப் பார்த்தாள். பழைய ஆட்களை மறுபடி படமெடுக்க அதே நாளிதழிலிருந்து போன வாரம் ஆள் வந்திருந்தார். தருமன் வீட்டில் இருட்டு என்றதும், “வெறும் படந்தான, எங்க வீட்டுத் தறியில எடுங்க, வெளிச்சம் நல்லா விழும்” என்று சொன்னவளே இவள்தான். இன்று பத்து மணிக்கு. இப்போது பத்தேகால்.

அந்தத் தறியில் நெய்பவன் சம்பந்தம், அவள் புருஷன்.

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். கண்ணமங்கலம் பஸ் குறுக்கே திரும்பியது, சுற்றிக்கொண்டு ஓடினாள். வாசலில் போட்டோக்காரர் காமிராவை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளே தறியில் சம்பந்தம். உடம்பில் தருமனின் பழுப்பேறிய சட்டை. தருமன் வெற்றுடம்போடு சுவரோரம் நின்றார்.

“யாருங்க உட்காந்தது?”

“நான்தான். உசுரோட இருக்கிறவன் தறியில உட்காரமாட்டேன்னு பெரியவரு ஒரே அடம். போட்டோக்காரரு பேஜாராயிட்டாரு. சரி, சட்டையைக் குடுங்க, நானே தருமனா உட்கார்றேன்னுட்டேன். முதுகைத்தான எடுத்தாரு, எவனுக்குத் தெரியப்போவுது?”

லீலாவுக்கு மூச்சு வந்தது. தருமனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் இடத்தில் உட்கார்ந்திருந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சட்டையை வாங்கிக்குங்க பெரியவரே.”

“இருக்கட்டும்பா. உனக்கு அளவா இருக்குது.”

நாலாம் நாள் காலையில் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். இறங்கவில்லை, ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டார்.

“தருமன் மாமா போயிட்டாரு. பேத்திக்குன்னு நெய்ஞ்சிகினு இருந்த கல்யாணச் சேலை பாதியில நிக்குது. சம்பந்தத்தக் கூப்புடுன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு.”

“வேற ஆளைப் பாருங்கண்ணா,” என்று லீலா கதவை மறித்து நின்றாள்.

“வேற யாரும்மா உட்காருவாங்க?”

சம்பந்தம் அவள் கையை மெல்ல விலக்கினான். படியிறங்கினான். அவன் நடக்க நடக்க, தெருவில் தறிச் சத்தம் வீடு வீடாக நின்றுகொண்டே போனது.