முத்திரை வெளியே தெரியணும்

மழை பிடித்துக்கொண்டது. மகள் சிட்டு குடை எடுத்துப் போகவில்லையே என்று நான் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போனேன். அவள் அதற்குள் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டிருந்தாள். மடிக்கிற மேஜையில் இரண்டு பெண்கள், என் மகள் அடுக்கிவைத்த தலையணை உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா பண்றீங்க?"

சூப்பர்வைசர் ஓடி வந்தாள். "ஒண்ணுமில்லக்கா. வார்டு பேர் போட்ட ஆஸ்பத்திரி முத்திரை வெளியே தெரியணும், எந்த வார்டுதுன்னு பார்த்து எடுக்க. உங்க பொண்ணு உள்ளே வெச்சு மடிக்கிறா."

"எத்தனை நாளா?"

"சேர்ந்ததிலேருந்தே."

"ரெண்டு மாசமாவா? அவகிட்ட சொல்லலியா?"

"எப்படிக்கா சொல்றது? டவுன் சிண்ட்ரோம் பொண்ணு, மனசு கஷ்டப்படுமில்ல? வந்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, அதுவே பெரிசுன்னு விட்டுட்டோம்."

அப்படி மடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான்தான். வேலைக்கு அனுப்பும் முன் ஒரு வருஷம் வீட்டுத் துணியில் பழக்கினேன். பூப்போட்ட பக்கம் உள்ளே போனால் அழுக்காகாது என்று. அதைச் சூப்பர்வைசரிடம் நான் சொல்லவில்லை.

சிட்டுவுக்கு இருபத்துமூன்று வயது. பிறந்த அன்றைக்கே டாக்டர், "ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். அவள் அப்பா இருந்தவரை, "பாவம், அவளைப் போட்டுப் படுத்தாதே" என்றார். என் அக்கா இன்றும் போனில், "எதுக்குடி வேலை கீலைன்னு?" என்கிறாள். எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களோடு சண்டை போட்டுப் போட்டே எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் போயிற்று.

"கோவிச்சுக்கிட்டீங்களாக்கா?"

"உன் பொண்ணு இப்படி மடிச்சா என்ன பண்ணுவே?"

"காதைத் திருகியிருப்பேன்" என்று சிரித்துவிட்டாள்.

"காதை விட்டுடு. வாயால சொல்லு. அவளே பிரிச்சு, அவளே மடிக்கட்டும்."

"அழுதான்னா?"

"அழட்டும்."

சொல்லிவிட்டேன். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கதவு படாரென்று திறந்தது.

"நாப்பது உறை! நாப்பதும் தப்பாம்! எல்லார் முன்னாடியும் சொன்னாங்க!"

"வாடி, முதல்ல சாப்பிடு."

"நீதானே தப்பா சொல்லிக்கொடுத்தே?"

"ஆமா. என் தப்புதான்."

"பெரிய டீச்சர்!"

அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். அதற்கு முன் அவள் ஒருநாளும் தாழ் போட்டதில்லை. உள்ளே துணி உதறுகிற சத்தம். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடியும்.

"நான் வந்து காட்டட்டுமாடி?"

"வேணாம். நீ தப்பாக் காட்டுவே."

நான் தனியாகச் சாப்பிட்டேன்.

காலையில் வழக்கம்போல பஸ் நிறுத்தம் வரை போகச் செருப்பை மாட்டினேன்.

"நீ எங்கே வர்றே?"

"பஸ் ஏத்திவிட."

"அங்கே வேலை செய்யறவங்க யாருக்காவது அம்மா வர்றாங்களா?"

செருப்பைக் கழற்றினேன். அவள் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பகல் முழுக்க வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்தான்.

சாயங்காலம் பசியோடு வந்தாள். தட்டில் போட்டதும் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்கு எத்தனை உறை திருப்பிக் கொடுத்தாங்க?"

நிமிராமல் சொன்னாள். "அது எங்க வேலை விஷயம்மா."

இருபத்துமூன்று வருஷத்தில் அவளைப் பற்றி எனக்குத் தெரியாத விஷயம் ஒன்றுகூட இருந்ததில்லை.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்."