ஆறுமுகநயினார் மார்பின் இடது பாகம்

என் இடது மார்பைப் புறம்போக்கு என்று அறிவிக்கப்போவதாகத் தாலுகா அலுவலகத்திலிருந்து செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. பதினொரு மாதமாக உரிமையாளர் அங்கே கை வைக்கவில்லை என்று அதில் காரணம் எழுதியிருந்தது. வியாகுலம் என்பவர் அங்கே குடியேற மனு கொடுத்திருந்தார்.

தகவல் சரிதான். இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் குளித்தேன். முதலில் தோல் மங்கியது. பிறகு பழுப்பாகச் செதில் கட்டி, வெடித்த குளத்து மண்போல் ஆனது.

அலுவலக வராந்தா நான் நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடைசி அறையில் டாக்டர் பொற்கலை இருந்தார். நில அளவையும் தோல் வைத்தியமும் அவர் பொறுப்பில்தான். ஆள் பற்றாக்குறை என்றார்.

வியாகுலம் பாயும் வாளியுமாக மூலையில் நின்றார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவராம். சத்தமில்லாத இடமாகத் தேடுவதாகச் சொன்னார். என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்.

டாக்டர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, செதிலின் மேல் சங்கிலி பிடித்து அளந்தார். நோய் எதுவும் இல்லை, கழுவாமல் விட்ட தோல், ஆனால் இப்படி விடுகிறவர்கள் அபூர்வம் என்றார். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“ஏன் தொடல?”

“தொட்டா நின்னுரும்னு நெனச்சேன்.”

“எது?”

அவர் ‘பயம்’ என்று எழுதி முத்திரை குத்தினார்.

உரிமையை நிரூபிக்க ஒரே வழிதான் இருந்தது. சாட்சி முன்னால் நானே துடைக்க வேண்டும். வியாகுலம் சாட்சியாக இருக்கச் சம்மதித்தார். டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தார். என் கை மார்புக்கு வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வைத்தேன். நிற்கவில்லை. உள்ளங்கைக்கு அடியில் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே துடைத்தேன். பஞ்சு பழுப்பானது. அடியில் வெளுத்த தோலும், நான் அதுவரை பார்த்திராத தையல் தழும்பும் இருந்தன.

வியாகுலம் குனிந்து காது வைத்துக் கேட்டார்.

“இந்த இரைச்சல்ல எப்படி ஒறங்க?” என்று மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதுகை எப்படித் தேய்க்கிறேன் என்று விசாரித்தார். கை எட்டாது என்றேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன்.

என் முதுகில் ஒரு குக்கர் விசில் அடித்தது.

“யாரு?” என்று கேட்டேன்.

“இன்னும் ரெண்டு விசில் இருக்கு, சார். அசையாம நில்லுங்க” என்றது ஒரு பெண்குரல்.

நான் அசையாமல் நின்றேன். பருப்பு வேகும் வாசனை வந்தது.