வலது காதில் எழுபது

என் வேலை சந்தேகப்படுவது. காது கேட்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சின்ன நிறுவனத்தில் நான் டெஸ்டர். மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்க்கச் சம்பளம் தருகிறார்கள். அதில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் உடைப்பதில் பாதி என் வீட்டுக்காரர் எழுதியது. எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'சிக்கனம்'. பத்து வரியில் எழுதவேண்டியதை ஆறு வரியில் முடித்துவிட்டு, மீதி நான்கு வரியை வங்கியில் போட்டவர் மாதிரி நடப்பார்.

மாமாவுக்கு, அதாவது இவருடைய அப்பாவுக்கு, வெல்டிங் பட்டறையில் கிரைண்டர் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது அநேகமாகப் போய்விட்டது. வலது காது சுமார். கருவியே வேண்டாம் என்று வருடக்கணக்கில் ஒற்றைக்காலில் நின்றவரை இவர் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்தார். மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து என்னதான் செய்கிறான் என்பது மாமாவுக்கு இதுவரை விளங்கியதில்லை. இந்த ஒரு தடவை காதாலேயே விளங்கிவிடும் என்று இவருக்கு அப்படி ஓர் ஆசை.

தங்கையின் பிரசவத்துக்குப் போய்விட்டு நான் திரும்பி வந்தால், மாமா கருவி இரண்டையும் கழற்றிப் பெட்டியில் போட்டிருந்தார்.

"வலது காதுல இடி விழுதும்மா. ஸ்பூன் கீழ விழுந்தாக்கூடத் தூக்கிவாரிப் போடுது. இருக்கற ஒரு நல்ல காதையும் கெடுத்துக்கவா இது?"

"பழகப் பழகச் சரியாயிடும்பா" என்றார் இவர்.

"அதெல்லாம் எனக்கு வேண்டாம். கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடு. இனிமே இந்தப் பேச்சே எடுக்காத."

இவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் பிழை பிடிக்க முடியாது.

"மாமா சும்மா சொல்ற ஆள் இல்லைங்க. கிளினிக்ல என்ன நம்பர் போட்டிருக்காங்கன்னு பாருங்க" என்றேன்.

மடிக்கணினியைத் திறந்தார். இடது எழுபது, வலது எழுபது. எண் எவ்வளவு பெரிதோ, கருவி அவ்வளவு சத்தமாக ஒலிக்கும். பாதி கேட்கிற காதுக்கும் கேட்காத காதுக்கும் ஒரே அளவு. இடி விழாமல் என்ன செய்யும்?

கிளினிக்குக்கு போன் போட்டேன். அங்கே எண்களைப் பதிவு செய்கிற பெண் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "முதல்ல அவசரத்துல பக்கம் மாத்தி அடிச்சுட்டேன் மேடம். வேற எங்கயும் குறிச்சு வைக்கல. அப்புறம், புதுசா 'இடம் மாற்று'ன்னு ஒரு பட்டன் குடுத்தீங்கல்ல, அதை அமுக்கினேன். இடதுல எழுபதுன்னு வந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். "அந்தப் பட்டன் எப்ப வந்துச்சு?"

"நீ லீவுல இருந்தப்ப. இப்போதைக்கு இந்த ஒரு கிளினிக்குக்குத்தான். ரெண்டே வரி." அந்த நிலைமையிலும் குரலில் பெருமை குறையவில்லை.

இரண்டு வரியையும் படித்தேன். வலதில் இருப்பதை இடதில் போடு. இடதில் இருப்பதை வலதில் போடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தில் ஓர் எண்தான் இருக்கும். புது எண் வந்தால் பழையது வாசலில் காத்திருக்காது, அழிந்தே போகும். முதல் வரியிலேயே இடது எழுபதாகிவிட்டது, அங்கே இருந்த எண் போயிற்று. இரண்டாவது வரி அதே எழுபதை எடுத்து வலதுக்கும் கொடுத்திருக்கிறது.

"டெஸ்ட் பண்ணாம யாரு வெளிய விட்டது?"

"நானே பண்ணினேன். சரியாத்தான் வந்துச்சு."

"இடதுல என்ன நம்பர் போட்டீங்க?"

"அம்பது."

"வலதுல?"

"அம்பது."

தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பதையும் ஐம்பதையும் இடம் மாற்றிவிட்டு, அழகாக மாறிவிட்டது என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டிருக்கிறார். இப்படித் தப்பு செய்யவும் ஒரு படிப்பு வேண்டும்.

மறுபேச்சில்லாமல் மூன்றாவதாக ஓர் இடம் வைத்தார். இடதில் இருப்பதை முதலில் அங்கே பத்திரப்படுத்திவிட்டு, வலதை இடதில் போட்டு, பத்திரப்படுத்தியதை வலதில் போட்டார். சிக்கனம் ஒரு வரி செலவு செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எல்லா விதமான எண்களையும் போட்டு அடித்துப் பார்த்தேன், உடையவில்லை.

ஆனால் அழிந்த எண் அழிந்ததுதான். மாமா மறுபடியும் கிளினிக்கின் கண்ணாடி அறையில் உட்கார்ந்து காதைச் சோதித்துக்கொண்டால்தான் அது திரும்பக் கிடைக்கும். அவர்தான் பேச்சே எடுக்காதே என்றுவிட்டாரே.

"நீயே கேளேன். நீ சொன்னா கேப்பார்" என்றார் இவர்.

"நான் சொன்னாக் கேப்பார். ஆனா நீங்கதான் சொல்லணும்."

மாமாவின் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம்தான் உட்காருவோம். "அப்பா, தப்பு உங்க காதுமேல இல்ல. நான் எழுதினதுல" என்று தொடங்கி, எழுபது, ஐம்பது, பட்டன் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப நான் சொன்னது சரி."

"சரிதான்பா."

"பழகினாலும் சரியாயிருக்காது."

"ஆயிருக்காதுப்பா."

மாமா எழுந்து சட்டையை எடுத்தார்.

இந்த முறை இடது எழுபது, வலது நாற்பது. கிளினிக்கை விட்டு வெளியே வந்தோம். நடைபாதை குறுகல். மாமாவும் இவரும் முன்னால் நடக்க, நான் பின்னால் வந்தேன். பக்கத்திலேயே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. மாமா திடுக்கிடவில்லை. பாவி மனுஷன், கருவியைக் காதிலிருந்து கழற்றவும் இல்லை. எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போனதும் இவர் சாலையைப் பார்த்தபடியே, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல முணுமுணுத்தார். "சாரிப்பா." பின்னால் வந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"விடுடா" என்றார் மாமா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அம்பதையும் அம்பதையும் மாத்தினா யாருக்குத்தான் தெரியும்?"

இவர் நின்றுவிட்டார். தான் அப்பாவின் இடது பக்கம் நடந்து வந்திருப்பதை அப்போதுதான் கவனித்தார்.