இருட்டாக்கிய அறை

ஜன்னலுக்குப் பலகை அடிக்க வந்த தச்சர் கேட்டே விட்டார். "காத்து வர்ற ஒரே ஜன்னல்மா இது. நெஜமாவே மூடணுமா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வாயைத் திறந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். காரணம் சொன்னால் 'அடப்பாவமே' என்பார்கள். அந்த அடப்பாவமேயைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

காரணம் இதுதான்: அவள் கணவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுப் பிழைத்த மனிதர். ஆபீசில் அவருக்கு 'ஸ்கேல்' என்று பட்டப்பெயர். அடுத்தவன் போட்ட கோடு மயிரிழை சாய்ந்திருந்தாலும் எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் டீயைத் தொடுவார். அப்படிப்பட்டவருக்குப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியது. "நல்ல பெரிசா, பளிச்சுனு, சுத்திலும் இருட்டா இருந்தா கொஞ்சம் தெரியலாம்" என்றார் கண் டாக்டர். தெரியும் என்று சொல்லவில்லை, தெரியலாம். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பெரிதாகப் படம் காட்டும் புரொஜெக்டர் வைக்க அவள் ஓர் அறையையே புரட்டிப் போட்டாள். மூழ்குகிறவனுக்குத் துரும்பு என்பார்களே, இவளுக்கு ஒரு விகுதி.

புரொஜெக்டர் பொருத்துகிறவர் முதல் தடவை வந்தபோதே கறாராகச் சொல்லிவிட்டார், மிஷின் அப்புறம், முதலில் அறை தயாராகட்டும் என்று. வெள்ளைச் சுவர் ஆகவே ஆகாது. படத்தின் வெளிச்சத்தை வாங்கித் திரைமேலேயே திருப்பி அடித்து எல்லாவற்றையும் வெளுக்க வைத்துவிடும். பளபளப்பு இல்லாத கருஞ்சாம்பல் நிறம் அடிக்க வேண்டும். அலங்காரக் கூரை எடை தாங்காது, அதை வெட்டி மேலே கான்கிரீட்டில் போல்ட் இறக்க வேண்டும். பின்னால் சூடு வெளியேற இடம், தனியாக ஒரு கரண்ட் லைன். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள்கூட இத்தனை நிபந்தனை போடமாட்டார்கள்.

எல்லாவற்றையும் செய்து முடித்தாள். பெயின்ட் காய்ந்ததும் உள்ளே போய் நின்று பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை, பயமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் சொந்தக் கன்னத்தையே தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

அவரோ எதற்கும் குறை சொல்லவில்லை. "எவ்வளவு தெரியுதுங்க?" என்று கேட்டால் "போதுமான அளவு தெரியுது" என்பார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், இந்த விஷயத்தில் அவர் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு சொல் வாங்க முடியாது.

மிஷின் வந்த அன்று அறையின் நடுவில் அவருக்கு நாற்காலி போட்டாள். பொருத்துகிறவர் ஏணிமேல் நின்று துளை போட்டதில் கூரைத் தூசி அறை முழுக்கப் பறந்தது. மாட்டி முடித்ததும், "முதல்ல கட்டம் கட்டமா கோடு போட்டுக் காட்டறேன் சார்" என்றார் புரொஜெக்டர்காரர். "நேரா இருக்கான்னு நீங்கதான் சொல்லணும். கோட்டு விஷயத்துல உங்கள மிஞ்ச ஆளில்லன்னு அக்கா சொன்னாங்க."

"பொண்டாட்டி புகழ்ந்தா நம்பாதீங்க, தம்பி" என்று சிரித்தார் அவர். ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் விளக்கை அணைத்தாள். ஏணிமேல் நின்ற புரொஜெக்டர்காரரின் நெற்றியில் கட்டியிருந்த சின்ன டார்ச் மட்டும் எரிந்தது. பொத்தானை அழுத்தியதும் மிஷின் 'பீப்' என்றது; உள்ளே விசிறி சுழலத் தொடங்கியது.

"ஆ, வந்துடுச்சு" என்றார் நாற்காலியில் இருந்த கணவர். "நல்ல பளிச்சுனு இருக்கே! கோடெல்லாம் சுத்தமா விழுந்திருக்கு. இடது பக்கம் மேல் மூலை மட்டும் ஒரு மயிரிழை இறங்கியிருக்கு, பாருங்க."

அவள் திரையைப் பார்த்தாள். கும்மிருட்டு. தூசி படக் கூடாதென்று லென்சுக்குப் போட்ட மூடியை இன்னும் கழற்றவே இல்லை. மூடியை எடுக்கப் போன கை அப்படியே நிற்க, புரொஜெக்டர்காரர் திரும்பினார்.

"சார், நான் இன்னும்..."

டார்ச் வெளிச்சத்தில் அவள் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

போன வாரம் அவள் உடுத்தியதைப் பார்த்து 'இந்த நிறம் உனக்கு எடுப்பா இருக்கு' என்றாரே. ஜன்னலை மூடுமுன் அதன் அருகில் நின்று, மழை வரும்போல இருக்கிறது என்றாரே. எல்லாம் இப்படித்தானா? சத்தத்தையும் காற்றையும் வைத்துத்தான் இத்தனை நாளும் ஒப்பேற்றினாரா? அழ வேண்டிய இடம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகைதான் வரவில்லை. அவர்மேல் கோபம் மட்டும் கொஞ்சம் வந்தது, அதுவும் நிற்கவில்லை.

"சரி பண்றேன் சார்" என்று புரொஜெக்டர்காரர் மூடியைக் கழற்றினார்.

திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் விழுந்தன. ஒன்றுகூடச் சாயவில்லை, நூல் பிடித்தாற்போல நின்றன. அந்த வெளிச்சம் திரும்பி வந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர் கண் இமைக்கவில்லை. திரைக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ எப்படி சார்?" என்று கேட்டார் புரொஜெக்டர்காரர்.

"இப்பதான் சரி." நாற்காலிக் கையைத் தட்டினார் அவர். "என்ன, ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசக் காணோம்?"

அவள் போய் அவர் காலடியில் உட்கார்ந்து, முழங்காலில் தோளைச் சாய்த்துக்கொண்டாள்.

"பாத்துட்டிருக்கோங்க" என்றாள். "நீங்க சொன்னப்புறம்தான் அந்த மூலை நேராச்சு."