தேவதைக்கு எழுதாத இரண்டு வரி

“காதைக் காட்டுங்க மேவிஸ். வலிக்காது.”

“வலிக்காதுன்னு எனக்குத் தெரியும் ஓவன். அசிங்கமா இருக்கு. அதான் விஷயம்.”

ஓவன் மேடை நிர்வாகி. வேல்ஸ்காரன், தாடிக்காரன், எதற்கும் பதறாதவன். பட்டாணி அளவில் இருந்த அந்தக் கருவியை மேவிஸ் ஆலர்டனின் இடது காதில் பொருத்தி, மேலே வெள்ளி முடியை இழுத்துவிட்டான். மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நாடகப் பிரதியைப் பார்த்து முணுமுணுத்தால் அவள் காதுக்குள் கேட்கும். வேறு யாருக்கும் கேட்காது.

“வெளிய தெரியல,” என்றான்.

“எனக்குத் தெரியுதே, கண்ணு.”

மேவிஸுக்கு எண்பத்தொன்று. பதினேழு வயதில் ஓல்டமில் ஒரு சின்ன நாடகக் குழுவில் வேலைக்காரி வேஷம் போட்டு, தேநீர்த் தட்டோடு பாதிரியார் மடியில் விழுந்தவள். விழ வேண்டும் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. ஆனால் அரங்கம் சிரித்த சிரிப்பில் கூரைத் தூசி கொட்டியது. மறுநாள் முதலாளி கூப்பிட்டு, “நேத்து மாதிரியே தினமும் விழு” என்றார். அன்று முதல் விழுந்துகொண்டேதான் இருந்தாள். கோடைக்காலக் கடற்கரைக் கச்சேரிகள், வானொலியில் ஆறு வருஷம், பிறகு தொலைக்காட்சியில் பதினோரு வருஷம் தலையில் முடி சுருட்டும் குழாயோடு சலவைக்கடை வாசலில் நின்று ஊர் வம்பு பேசும் கிழவி. அந்தக் கிழவியை ஆரம்பித்தபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. “மேக்கப் தேவைப்படாத வயசு வரட்டும்னு காத்திருந்தேன், அதுக்குள்ள தொடர நிறுத்திட்டாங்க” என்று பேட்டிகளில் சொல்வாள். அரண்மனைக்குப் போய் பதக்கம் வாங்கிய அன்றும், திரும்பும் வழியில் டாக்ஸிக்காரர் அவளிடம் ஊர் வம்புதான் கேட்டார்.

கதவை இடித்துக்கொண்டு டெஸ்மண்ட் பக்கிள் உள்ளே வந்தார். எழுபது வயது, ஆறடி இரண்டு அங்குலம், நெஞ்சில் இரண்டு தலையணை, இடுப்பில் ஏழு அடுக்குப் பாவாடை. இங்கிலாந்துக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எப்போதும் ஒரு ஆண்தான் அம்மா வேஷம் போட வேண்டும். இந்த ஸ்கார்பரோ ஊரில் அந்த ஆண் இருபது வருஷமாக டெஸ்மண்ட்தான்.

“என்ன மேவிஸ், காதுல பூச்சி போயிடுச்சா?”

“ஓவன் போயிருக்கான்.”

“பாவம். உள்ள நிறைய எடம் இருக்குமே.”

“உன் பாவாடைக்குள்ள இருக்கிற எடம் இருக்காது.”

ஓவன் வெளியே போனதும் டெஸ்மண்ட் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

“டைரக்டரம்மா ஃபிலிப்பா என்ன சொன்னா?”

“இன்னைக்கு மதியம் முதல் ஆட்டத்துல ஒரு தடவ தடுமாறினாலும், மிச்சம் முப்பத்தேழு ஆட்டத்துக்கும் எனக்குப் பதிலா டாம்சின் தேவதையா நிப்பாளாம். ரொம்ப அன்பாச் சொன்னா. அதான் பயமா இருக்கு.”

“போன வருஷ விஷயமா?”

“வேற என்ன.”

போன வருஷம் ஒரு தொலைக்காட்சிப் படப்பிடிப்பு. பார்வையாளர் முந்நூறு பேர். ஒரே வரியில் மேவிஸ் மூன்று முறை நின்றுபோனாள். நான்காவது முறை சொல்லி முடித்ததும் முந்நூறு பேரும் கை தட்டினார்கள். குழந்தை முதல் அடி எடுத்துவைத்தால் தட்டுவார்களே, அந்தத் தட்டு. அறுபது வருஷத்தில் யாரும் சிரிக்காத இரவுகளை அவள் பார்த்திருக்கிறாள். ஹல் ஊரில் ஒருவன் மீன் வறுவலை எறிந்திருக்கிறான். அதெல்லாம் வலிக்கவில்லை. இது வலித்தது.

“டெஸ்மண்ட், இன்னைக்கு அப்படித் தட்டினாங்கன்னா, ஃபிலிப்பா சொல்ல வேண்டியதே இல்ல. நானே போயிடுவேன்.”

“போய் என்ன பண்ணுவ?”

“ஸ்வெட்டர் பின்னுவேன்.”

“உனக்குப் பின்னத் தெரியாது.”

“அதான் ரொம்ப நாள் ஆகும்.”

இரண்டு மணிக்குத் திரை ஏறியது. தொள்ளாயிரம் பேர், பாதிக்கு மேல் பால்பல் விழுகிற வயதுப் பிள்ளைகள். வெளியே வடகடல் காற்று கதவைத் தட்டிக்கொண்டிருக்க, உள்ளே ஆரஞ்சுத் தோலும் ஈரக் கோட்டும் கலந்த வாசனை. கதை இதுதான்: ஊர் மாவையெல்லாம் பூட்டிவைத்த பேராசைக்கார ராஜா, ரொட்டிக்கடை நடத்தும் டெஸ்மண்ட், அவர் மகள் கேத்தி, எல்லாவற்றையும் சரிசெய்ய வானத்திலிருந்து கம்பியில் இறங்கும் தேவதை. கம்பியில் இறங்கும்போதே மேவிஸ், “மெதுவா! நான் பழைய சரக்கு!” என்று மேலே பார்த்துக் கத்தினாள். சிரிப்பு எழுந்தது.

முதல் பாதி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாம் பாதியில் ஒரே ஒரு இடத்தில் வார்த்தை வர மறுத்தது. ஓவன் காதுக்குள் “பூட்டை” என்றான். “பூட்டைத் திற!” என்றாள் மேவிஸ். யாருக்கும் தெரியவில்லை. அரங்கின் கடைசியில் சுவரோடு நின்றிருந்த ஃபிலிப்பாவுக்கு மட்டும் தெரிந்திருக்கும். அவள் நோட்டில் ஏதோ எழுதுவது மேடையிலிருந்தே தெரிந்தது.

இனி முடிவுதான் பாக்கி. ராஜா திருந்தினான், கேத்திக்குக் கல்யாணம், எல்லோரும் பளபள உடையில் படியிறங்கி வந்தார்கள். பாட்டு நின்றது. தேவதையும் அம்மாவும் முன்னே வந்து, எதுகை வைத்த இரண்டு வரி சொன்னால் திரை விழும்.

அந்த இரண்டு வரியை ஒத்திகையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சபை இல்லாத இடத்தில் கடைசி வரியைச் சொன்னால் ஆட்டம் படுத்துவிடும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் பயம். அதைப் பற்றிப் பேசுவதுகூட ஆகாது. மூன்று வாரமும் அந்த இடம் வந்ததும் “டும் டும் டும், டும் டும் டும்” என்று சொல்லி வணங்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள்.

மேவிஸ் புன்னகையோடு டெஸ்மண்டைப் பார்த்தாள். டெஸ்மண்ட் புன்னகையோடு மேவிஸைப் பார்த்தார்.

“சொல்லு,” என்றாள் பல்லைக் கடித்தபடி.

“நீ சொல்லு.”

“இருபது வருஷமா நீதான சொல்ற?”

“இந்த வருஷம் போஸ்டர்ல உன் பேரு மேல இருக்கு. நீதான்னு நெனச்சேன்.”

“என் பிரதியில ‘இரண்டு வரி, திரை’ன்னுதான் இருக்கு.”

“என்னுதுலயும் அதேதான்.”

மேவிஸுக்குப் படப்பிடிப்பு நாள் ஞாபகம் வந்தது. ஒரு நொடி. இரண்டு. முன்வரிசையில் ஒரு தாய் பரிதாபமாகத் தலையைச் சாய்த்தாள். தட்டுவதற்குத் தயாராக அவள் கைகள் மடியிலிருந்து மேலே வந்தன. தூரத்தில் ஃபிலிப்பா நோட்டை மூடினாள்.

காதுக்குள் ஓவன். எதற்கும் பதறாத ஓவன்.

“மேவிஸ்! இங்க ஒண்ணுமே இல்ல! வெறும் தாளு! யாருமே எழுதல!”

யாருமே எழுதவில்லை. ஃபிலிப்பாவுக்கு இதுதான் முதல் கிறிஸ்துமஸ் நாடகம். பழைய ஆட்கள் கையோடு கொண்டுவருவார்கள் என்று விட்டிருக்கிறாள். பழைய ஆட்கள் ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறார்கள். கேட்டால் ஆகாது என்று யாரும் கேட்கவில்லை.

மேவிஸுக்குள் ஏதோ கழன்று விழுந்தது. மறப்பதற்கு இங்கே எதுவும் இல்லையே! பதினேழு வயதில் பாதிரியார் மடியில் விழுந்தபோது எந்தப் பிரதி இருந்தது?

காதிலிருந்த பட்டாணியைப் பிடுங்கி டெஸ்மண்டின் தலையணை நெஞ்சுக்குள் போட்டாள். மேடையின் விளிம்புக்கு வந்து இடுப்பில் கை வைத்தாள்.

“பிள்ளைங்களா! இந்தக் கதையோட கடைசி ரெண்டு வரியக் காணோம். யாராவது பாத்தீங்களா?”

இந்த நாடகங்களில் சபை வழக்கமாகக் கத்துகிற பதிலுக்காகத் தொள்ளாயிரம் தொண்டைகளும் ஒன்றாகத் திறந்தன. “உங்க பின்னாலேஏஏ!”

சட்டென்று திரும்பினாள். டெஸ்மண்ட் அவள் முதுகோடு சேர்ந்து சுற்றி ஒளிந்தார்.

“இல்லையே!”

“இருக்கூ!”

“டெஸ்மண்ட், பாவாடையத் தூக்கு.”

“பொது எடத்துலயா? நான் குடும்பப் பொம்பள!”

முதல் அடுக்கைத் தூக்கினாள், அங்கே இல்லை. இரண்டாவதைத் தூக்கினாள். மூன்றாவதுக்குள் தலையையே விட்டாள். உள்ளேயிருந்து, “அடக் கடவுளே, இங்க ரெண்டு பேர் குடியிருக்காங்க!” என்று குரல் வந்தது. ராஜா சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து அழுதுகொண்டிருந்தான். இசைக்குழுவில் ட்ரம்பெட்காரர் ஊத முடியாமல் வாத்தியத்தைக் கீழே வைத்தார். கைகளைத் தூக்கிய அந்தத் தாய் இப்போது அவற்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிரீடம் சாய்ந்து, முடி கலைந்து, மேவிஸ் வெளியே வந்தாள். ஒற்றை விரலைத் தூக்கினாள். அரங்கம் அடங்கியது.

“கெட்டவனும் திருந்தியாச்சு, கேத்திக்கும் கல்யாணமாச்சு;
தட்டித் தாத்தாவ எழுப்புங்க, ஆட்டம் முடிஞ்சாச்சு!”

எட்டாவது வரிசையில் உண்மையிலேயே ஒரு தாத்தா திடுக்கிட்டு எழுந்தார். திரை விழுந்தபிறகும் சிரிப்பு நிற்கவில்லை. திரைத் துணியே குலுங்கியது.

ஃபிலிப்பா பின்கதவு வழியாக ஓடிவந்தாள். சிரித்த கண்ணீரில் முகமெல்லாம் கண்மை வழிந்திருந்தது.

“மேவிஸ், தப்பு என்னோடது. எழுதாம விட்டது நான்தான்.”

“தெரியும், கண்ணு. நல்ல காரியம் பண்ணின.”

“அத அப்படியே வெச்சுக்கலாம். தினமும் அதே வரி.”

“எந்த வரி?”

“இப்ப சொன்னீங்களே, அது.”

மேவிஸ் யோசித்தாள். “என்ன சொன்னேன்?”

ஃபிலிப்பா டெஸ்மண்டைப் பார்த்தாள். “நான் பாவாடைக்குள்ள தேடிட்டிருந்தேன்” என்றார் அவர். ஓவனைக் கூப்பிட்டார்கள். “சிரிச்சதுல பென்சில் விழுந்துடுச்சு. தாத்தான்னு ஒருத்தர் வந்தார், அவ்வளவுதான் ஞாபகம்.” மேவிஸுக்கும் அவ்வளவுகூட இல்லை. இல்லையே என்ற பயமும் இல்லை.

“சாயங்காலம் வேற சொல்றேன். நாளைக்கு வேற. முப்பத்தேழு இருக்கில்ல? முப்பத்தேழு சொல்றேன்.”

“ஆனா டாம்சின் எதப் படிச்சுத் தயாராகணும்?”

மாற்று நடிகை டாம்சின் கையில் பென்சிலோடு ஓரமாக நின்றிருந்தாள். அவள் பென்சிலை மெல்லக் காதுக்குப் பின்னால் செருகினாள்.

“தொள்ளாயிரம் பேர் முன்னாடி, ஒரு வரி கூட இல்லாம, அவர் பாவாடைக்குள்ள தலைய விடணுமா? மன்னிச்சிடுங்க ஃபிலிப்பா. நான் கேத்தியோட தோழியாவே இருக்கேன்.”

“புத்திசாலிப் பொண்ணு,” என்றார் டெஸ்மண்ட். “நானா இருந்தாலும் விடமாட்டேன்.”

ஃபிலிப்பா நோட்டைத் திறந்தாள். மதியம் எழுதிய பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“சாயங்காலம் ஆறரைக்குத் திரை, மேவிஸ்.”

“அதுக்குள்ள ஒரு பன்றிக்கறி அப்பம் வாங்கித் தரச் சொல்லு. டெஸ்மண்டுக்கு வேண்டாம். அங்க இனிமே எடமில்ல, நான் பாத்துட்டேன்.”