நிலத்துக்கு ஒரு சீட்டு

காசிநாதனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போதே வாசலில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. சின்னப்பொண்ணு புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள்காமாலை அவனை வாரிக்கொண்டு போய்விட்டது. பந்தலில் பேசுவது ஒரு சொல் விடாமல் அவள் காதில் விழுந்தது. தாலி அறுத்தவளுக்குக் காது கேட்காது என்று இந்த ஆண்பிள்ளைகளுக்கு யார் சொன்னார்களோ.

"திங்கக்கெழம கிளாஸு. அதுக்குள்ள ராஜேந்திரன் பேர குடுக்கலைன்னா சீட்டு பூடும்" என்றார் காசிநாதனின் பெரியப்பா எல்லப்பன்.

எழுபத்தி மூணில் மாமல்லபுரம் ரோட்டோரம் புதுத் தொழிற்சாலைக்கென்று சர்க்கார் நிலம் எடுத்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒருத்தர் செங்கல்பட்டில் வெல்டிங் கற்றுக்கொள்ளலாம். முடித்தால் வேலை. போனது சின்னப்பொண்ணுவுக்கு அவள் அப்பன் கொடுத்த வேர்க்கடலைக் கொல்லை. சீட்டு வந்தது புருஷன் பேரில். அப்போது அவளுக்கும் சந்தோஷம்தான். இனி அது கொழுந்தன் ராஜேந்திரனுக்குப் போனால், அவளும் கைக்குழந்தையும் காலத்துக்கும் அவன் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

பக்கத்திலிருந்த அம்மா முனியம்மாவிடம் மெல்லக் கேட்டாள். "நெலம் என்னுது. நானே போயி கத்துக்கினா இன்னா?"

"வாய மூடுடி. பொணம் கீது வூட்ல. ஆம்பளைங்க காதுல வுழப்போவுது."

விழுந்துவிட்டது. எல்லப்பன் உள்ளே வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. பாடைக்கு மூங்கில்கூட அவர் கொல்லையில் வெட்டியதுதான்.

"ஏம்மா, பேசற நேரமா இது?" என்றார். இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது யாராம்? "பொம்பளைய அங்க சேத்துக்க மாட்டாங்க. நெலம் உன் பேர்ல இருந்ததால நீ ஒரு வார்த்த ஒத்துக்கணும். பெரிய மனுஷங்க எல்லாம் சாட்சியா கீறோம். சொல்லிட்டா தூக்கிடலாம். வெயில் ஏறிக்கினே போவுது."

மேளம் நின்றது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். வாசற்படியில் கொள்ளிச்சட்டியோடு நின்ற ராஜேந்திரன் தலையைத் தூக்கவில்லை.

"அப்பறமா பேசலாம் பெரிப்பா. எனுக்கு நெருப்புன்னாலே பயம்" என்றான்.

"நீ சும்மா இர்ரா."

ஈ ஒன்று காசிநாதன் உதட்டில் உட்கார்ந்தது. முந்தானையால் விரட்டினாள். மறுபடி வந்தது. செத்தவனை நடுவீட்டில் போட்டுக்கொண்டு கழுத்தில் துண்டு போடுகிறார்களே. இன்னும் எத்தனை நேரம் இவனை இப்படிக் கிடத்தி வைப்பது?

"எடுத்துனு போங்க" என்றாள்.

"ஒத்துக்கினியா?"

"ஒத்துக்கினேன். தூக்குங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டைத் தலையோடு ராஜேந்திரன் வந்தான். கையில் காக்கி பேண்ட்டு. கிளாஸுக்கென்று காசிநாதன் தைத்து வைத்தது. ஒருமுறைகூடப் போட்டதில்லை.

"அண்ணி, இடுப்புல நிக்க மாட்டேங்குது. கொஞ்சம் புடிச்சி தச்சி குடுக்கறீங்களா?"

அவன் கண் கலங்கியிருந்தது. அவனைத் திட்டவும் முடியவில்லை அவளால்.

"வெச்சிட்டு போ."

அவன் போனதும் கதவைச் சாத்தினாள். பேண்ட்டைப் புடவைக்கு மேலேயே தன் இடுப்பில் சுற்றி வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. பிறகு உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்து, இடுப்பை உள்ளே பிடித்துத் தைக்க ஆரம்பித்தாள்.